திரைச்சீலைக்குப் பின்னால் பதினொரு கோப்பைகள்

சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி இருபது. காரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது எங்கள் வரவேற்பறை யன்னல். திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. திரைச்சீலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே, யன்னல் விளிம்பில், தேநீர்க் கோப்பைகள் வரிசையாக நின்றன. எண்ணினேன். பதினொன்று. கடைசி இரண்டுக்கும் மேலே கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற சின்ன நகரத்தில், எங்கள் தெருக்காரர்கள் யன்னல் விளிம்பை அலங்கரிப்பவர்கள். ஒரு விளக்கு, ஒரு பூச்சாடி, இரண்டு பீங்கான் நாய்கள். கோப்பைகளை அடுக்கிவைத்த வீடு எங்களுடையது மட்டும்தான்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். என் கணவர் நேசன், பக்கத்து ஊரான பிராண்டேயிலிருந்து வந்த கனகு அண்ணை, அவருடைய மனைவி சரோஜா அக்கா. நான் சனிக்கிழமை வேலைக்குப் போகும் நாட்களில் இவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் முறை வைத்து வருவார்கள். அன்று அவர்களுடைய முறை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்தவர்கள்.

"வாரும், வாரும்" என்று இவர் எழும்பினார். "கனகு அண்ணை ஆக்கள் இப்பதான் வந்தவை. தேத்தண்ணி போடப்போறன். உமக்கும் போடட்டோ?"

கனகு அண்ணை தரையைப் பார்த்தார். சரோஜா அக்கா திரைச்சீலைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"பால் முடிஞ்சுது, தங்கச்சி" என்றார் மெல்ல.

அந்த அறையில் அன்று பிற்பகல் முழுவதும் சொல்லப்பட்ட முதல் உண்மை அதுதான்.

நின்ற சில நிமிடங்கள்

இந்தத் தொடரில் இவர் முன்னரும் இரண்டு மூன்று இடங்களில் வந்திருக்கிறார். இப்போது வாசிக்கத் தொடங்குபவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிராண்டேயில் காற்றாலைகளுக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இவருக்கும் கனகு அண்ணைக்கும் நெடுங்கால வேலை. ஒரு இலையுதிர் காலத்துக் காலை இடைவேளையில், கன்ரீனில் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது, இவருடைய இதயம் நின்றுபோனது. டெனிஷ் நண்பர் ஒருவர் நெஞ்சை அமுக்கினார். சுவரில் தொங்கிய மின்னதிர்ச்சிக் கருவியை ஓடிப்போய்ப் பிடுங்கி வந்தவர் கனகு அண்ணை. கருவி ஒருமுறை அடித்தது. இதயம் திரும்பத் துடித்தது.

நடுவில் போன சில நிமிடங்களில் மூளைக்குப் பிராணவாயு கிடைக்கவில்லை. கை, கால், பேச்சு எல்லாம் மிஞ்சின. புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கும் இடம் கெட்டுப்போனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது என்னைத் தெரிந்தது. அல்பர்ட்ஸ்லுண்டில் குடும்பமாக இருக்கும் மகளைத் தெரிந்தது. முதன்முதல் டெனிஷ் வகுப்பில் ஆசிரியை போட்டிருந்த மஞ்சள் சப்பாத்துகூட நினைவில் இருந்தது. காலையில் சாப்பிட்டாரா இல்லையா என்பது இல்லை. இருபது நிமிடம், நல்ல நாட்களில் அரை மணி நேரம். அதற்கு மேல் புதிதாக நடந்தது எதுவும் தங்காது.

படத்து மறதி

எங்கள் ஆட்களுக்கு மறதியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் படம் பார்த்துத் தெரிந்துகொண்டது. எனக்கும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் மூன்று வருடம் மெய்ப்புப் பார்த்தேன். சினிமாப் பக்கம் வெள்ளிக்கிழமைகளில் என் மேசைக்கு வரும். கதைச் சுருக்கங்களில் மறதிக்குப் பஞ்சமில்லை. ஒரு விபத்து, தலையில் கட்டு, அந்தக் கட்டின் நெற்றிப் பக்கமாக ஒரு சிவப்பு வட்டம். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இடைவேளைக்குப் பிறகு ஒரு பழைய பாட்டு, அல்லது பழைய எதிரி, ஒன்றும் சரிவராவிட்டால் தலையில் இன்னொரு அடி. எல்லாம் ஒரு நொடியில் திரும்பி வரும்.

படத்தில் மறந்தவர் தன் பெயரை மறப்பார், சண்டை போட மறக்கமாட்டார். மனைவியை மறப்பார், முகச்சவரம் செய்ய மறக்கமாட்டார். ஒரே கேள்வியை ஒரு பின்னேரத்துக்குள் ஒன்பது தரம் கேட்ட கதாநாயகனை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் இருந்தால் படம் ஓடாது.

ஆஸ்பத்திரிக்கு முதல் கிழமையே கனகு அண்ணை ஒரு திட்டத்தோடு வந்தார்.

"தங்கச்சி, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதையும். ஒருக்கா ஷொக் குடுத்து ஆள் எழும்பினவர். என்ரை கண்ணாலை பாத்தனான். இன்னொருக்கா ஒரு அதிர்ச்சி குடுத்தா மறதியும் எழும்பி ஓடிடும்."

"அதுக்குத்தான் நெஞ்சுக்குள்ளை ஒரு சின்னப் பெட்டி வைச்சிருக்கினம், அண்ணை. தேவையெண்டா அதுவே ஷொக் குடுக்கும்."

"அது இதயத்துக்கு. நான் சொல்லுறது மூளைக்கு."

"இஞ்சேருங்கோ" என்றார் சரோஜா அக்கா. "நீங்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருங்கோவன்."

ஆனால் சரோஜா அக்காவும் வெறுங்கையோடு வரவில்லை. எங்கள் கலியாண வீடியோவைத் தேடி எடுத்துக் கொண்டுவந்திருந்தார். பார்த்தால் எல்லாம் வந்துவிடும் என்று நம்பினார். நானும் கொஞ்சம் நம்பினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவர் முழுவதையும் பார்த்தார். பிறகு திரையில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். "சரோஜா அக்கா, உந்தப் பச்சைச் சீலை உங்கடை இல்லை. உங்கடை தங்கச்சியின்ரை. திருப்பிக் குடுக்கேல்லையெண்டு பிறகு சண்டையும் நடந்தது."

சரோஜா அக்காவின் முகம் சிவந்தது. "ஆளுக்கு ஒரு மறதியும் இல்லை!" என்று கனகு அண்ணை கையைத் தட்டினார். மருத்துவத் தாதி எட்டிப் பார்த்தார்.

கால் மணி நேரம் கழித்து இவர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணை, எப்ப வந்தனீங்கள்?"

பதிலை முதலே சொல்லுங்கள்

வீட்டுக்கு வந்த பிறகு கொமுனவிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, கிர்ஸ்டன் என்ற பெண் வரத் தொடங்கினார். அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குவது அவருடைய தொழில். குட்டை முடி, பெரிய தோள்பை, அதிகம் சிரிக்காத முகம்.

அவர் சொன்ன முதல் விதி: பரீட்சை வைக்கக் கூடாது. "தெரியாத கேள்விக்கு இவர் ஊகித்து ஒரு பதில் சொன்னால், அந்தப் பிழையே பழகிவிடும். பதிலை நீங்கள் முதலே சொல்லிவிடுங்கள்."

எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வருவதே பரீட்சை வைக்கத்தான். சப்பாத்தைக் கழற்ற முதல் தொடங்கிவிடுவார்கள். "சொல்லுங்கோ பாப்பம், நான் ஆர்?" ஒருவர் தன் மூன்று பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, பெயர் சொல்லச் சொன்னார். இவர் மூன்றுக்கும் பிழையான பெயர் சொல்லிவிட்டு அன்று முழுவதும் சோர்ந்து போயிருந்தார். காரணம் மறந்துபோயிற்று. சோர்வு மட்டும் போகவில்லை.

வாசலில் ஒரு தாள் ஒட்டினேன். உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வாருங்கள் என்று எழுதினேன். சிலருக்குக் கோபம்.

இரண்டாவது விதி: கை பழகட்டும். ஒவ்வொரு பொருளும் ஒரே இடத்தில், ஒவ்வொரு வேலையும் ஒரே ஒழுங்கில். குசினிக் கதவின் உள்பக்கம் ஒரு வெள்ளைப் பலகை. மருந்து எடுத்தால், சாப்பிட்டால், அடுப்பை அணைத்தால், அதில் நேரத்தை எழுத வேண்டும். ஆறு கிழமையில் இவருடைய கால்கள் தாமாகவே பலகையிடம் போகப் பழகின. பலகையை யார் மாட்டினது என்று கேட்டால் தெரியாது. "உது எப்பவும் உதிலைதானே இருக்கிறது" என்பார்.

என் விடுப்பு அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. நான் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை மட்டும் போய்வந்ததை நிறுத்தி, வார நாட்களில் காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் ஆள் கேட்டு யாரையும் கரைச்சல்படுத்த முடியாது. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை கிர்ஸ்டன் வந்து இரண்டு மணி நேரம் இருந்து பார்ப்பதாக இருந்தது, உதவி செய்யமாட்டார். இவர் தன்னைத் தானே சமாளித்தால் பகலில் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் ஹேர்னிங் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் தேடுவார்கள்.

அப்படியான இல்லம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சுத்தமான இடம். அன்பான ஆட்கள். நான் வேலை செய்யும் இல்லத்தில் இவருடைய வயதில் ஒருவரும் இல்லை.

இவருக்கும் தெரியும். நான் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் புதிதாகத் தெரியவரும். "நான் வீட்டிலை இருக்கிறன்" என்பார். மூன்றாம் தரத்துக்குப் பிறகு நான் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

மூன்று வரித் திருத்தம்

இந்த இடத்தில் பத்திரிகைக் காலத்து விஷயம் ஒன்று.

எங்கள் மெய்ப்புப் பகுதிக்குப் பொறுப்பானவர் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "ஞாபகத்திலை திருத்தாதை பிள்ளை, பிரதியைப் பார்." நான் ஒருமுறை பார்க்கவில்லை. மரண அறிவித்தல் ஒன்றில் இறந்தவரின் ஊர் மல்லாகம் என்று இருந்தது. அந்தக் குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். சுன்னாகம் ஆட்கள். பிரதியில் பிழை என்று முடிவு செய்து மாற்றினேன்.

மறுநாள் இறந்தவரின் மகன் வந்தார். சத்தம் போடவில்லை. "நீங்கள் எங்களைத் தெரிஞ்ச பிள்ளையெல்லோ?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிந்த குடும்பம் வேறு. அதற்கடுத்த நாள் மூன்று வரியில் திருத்தம் போட்டோம்.

நல்ல ஞாபகம் உள்ளவர்கள் பிரதியைப் பார்ப்பதில்லை. இவர் பார்க்கிறார். வேறு வழியில்லாததால் பார்க்கிறார் என்றாலும், இந்த வீட்டில் மருந்து நேரத்தை இரண்டு தரம் பிழைவிட்டது நான்.

ஒளித்தவர் யார்?

திரும்பவும் அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நான் திரைச்சீலையை இழுத்துத் திறந்தேன். "விடும் தங்கச்சி, விடும்" என்று சரோஜா அக்கா கையைப் பிடித்தார். காலம் கடந்துவிட்டது. இவர் பார்த்துவிட்டார்.

"உதென்ன?"

"நீங்கள் போட்ட தேத்தண்ணி."

"இவ்வளவும் நானோ?"

"ஓம். பன்னிரண்டிலையிருந்து."

மூன்று பேருக்கும் மூன்று தரம். நான்காம் தரம் பால் போதாமல் விருந்தாளிகளுக்கு மட்டும். கனகு அண்ணை தன்னுடைய நான்கையும் குடித்து முடித்திருந்தார். சரோஜா அக்காவுக்கு நீரிழிவு. இரண்டோடு நிறுத்தி, மற்ற இரண்டையும் தொடாமல் யன்னலில் வைத்துவிட்டார். இவர் மனம் நோகக் கூடாது என்று வெறுங்கோப்பைகளையும் சேர்த்து ஒளித்தவர் அவர்தான்.

தனியாக இருந்தால் இவர் தேநீரைக் குசினியிலேயே குடித்துவிட்டுப் பலகையில் எழுதுவார். விருந்தாளி வந்தால் தட்டத்தோடு நேரே வரவேற்பறைக்கு வந்து கதைக்க இருந்துவிடுவார். பலகை குசினியில் நிற்கும். இருபது நிமிடம் போகும். எதிரே விருந்தாளி, மேசையில் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் வந்தவர் தேத்தண்ணி குடிக்காமல் இருந்தால் அது பெரிய குறை. எழும்பிவிடுவார். நான் வீட்டில் நிற்கும் நாட்களில் நானே எல்லாம் செய்வதால் இது எனக்கு அன்றுவரை தெரியவில்லை.

இவர் யன்னலடியில் நின்று விரலால் எண்ணினார். பிறகு திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் சொல்லேல்லை."

"என்னண்டு சொல்லுறது, நேசன்?" கனகு அண்ணையின் குரல் இறங்கியிருந்தது. "வீட்டுக்காரன் ஆசையாக் கொண்டுவந்து நீட்டேக்கை, வேண்டாமெண்டு சொல்ல வாய் வரேல்லை."

"நாலு குடிச்சிருக்கிறியள்."

"நாலும் நல்லாத்தான் இருந்தது."

இவர் சிரிக்கவில்லை. "நான் மறந்தா நீங்கள் சொல்லவேணும். நீங்களும் ஒளிச்சா நான் எங்கை போய்ப் பாக்கிறது?"

இவர் குசினிக்குப் போனார். பலகையின் மேற்பகுதியை அழிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மை. நாங்கள் போய்ப் பார்த்தோம். பெரிய எழுத்தில் இருந்தது: *வாறவைக்கு. தேத்தண்ணி குடிச்சா, குடிச்சிட்டம் எண்டு சொல்லுங்கோ. கோப்பையை ஒளிக்காதேங்கோ. நேசன்.*

அரை மணி நேரம் கழித்து இவர் மருந்துக்காகப் பலகையிடம் போனார். தன் எழுத்தை வாசித்தார். குசினியிலிருந்து தலையை நீட்டினார்.

"ஆர் இஞ்சை கோப்பையை ஒளிச்சது?"

"நான்தான் தம்பி" என்றார் சரோஜா அக்கா. "இனி ஒளிக்கமாட்டன்."

இந்த முறை இவர் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

ஒத்திகை

அடுத்த நான்கு நாளும் கனகு அண்ணை பிராண்டேயிலிருந்து காரில் வந்தார். தேநீரைக் குடித்து, கோப்பையைச் சத்தம் வர மேசையில் வைத்து, கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் போலச் சொல்வார்: "கனகரட்னம் ஒரு தேத்தண்ணி குடிச்சாச்சு! நேரம் மூண்டு பத்து!"

"காது அடைக்குது, அண்ணை" என்பார் இவர். ஆனால் எழும்பிப் போய் எழுதுவார்.

வியாழக்கிழமைக்கு இது போதாது என்று எனக்குத் தெரியும். கிர்ஸ்டனும் விருந்தாளிதான். ஆனால் குடித்ததாகச் சொல்லமாட்டார். பலகையில் இருக்கும் தமிழும் அவருக்கு வாசிக்கத் தெரியாது.

திங்கட்கிழமை ஃபோனில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

"வெறுங்கோப்பைகளை வழக்கமாக யார் எடுப்பது?" என்று கேட்டார்.

"நான். குடித்து முடித்த உடனே எடுத்துக் கழுவிவிடுவேன்."

"அவருக்கு இருக்கும் ஒரே சாட்சியை நீங்கள் கழுவி அடுக்குகிறீர்கள்."

நான் வளர்ந்த வீட்டில் வெறுங்கோப்பை மேசையில் கிடந்தால் அம்மா கண்ணால் காட்டுவார். அந்தப் பழக்கத்தை விட எனக்கு மூன்று நாள் தரப்பட்டிருந்தது.

வியாழன்

காலை ஒன்பது மணிக்குக் கிர்ஸ்டன் வந்தார். தன் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். நான் அறையில் இருக்கலாம், பேசக் கூடாது, எதையும் தொடக் கூடாது.

ஒன்பது பதினைந்துக்கு இவர் தேநீர் கொண்டுவந்தார். எதிர்பார்த்தபடி அப்படியே அமர்ந்துவிட்டார். கிர்ஸ்டன் காற்றாலை இறக்கைகள் பற்றிக் கேட்டார். அது பழைய ஞாபகம், முழுதாக இருக்கிறது. பசை எத்தனை பாகையில் இறுகும், எந்தப் பக்கத்தில் குமிழி விழும் என்று இவர் நல்ல டெனிஷில் சொல்லிக்கொண்டே போனார்.

கிர்ஸ்டனின் கோப்பை வெறுமையாகிவிட்டது. அடியில் இரண்டு தேயிலைத் துகள்கள். என் வலது கை தானாக எழுந்தது. மடியில் வைத்தேன். மறுபடி எழுந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் அமர்ந்தேன்.

ஒன்பது நாற்பத்தைந்து. இவர் பேச்சை நிறுத்தி எழும்பினார்.

"உங்களுக்கு ஒன்றும் தரவில்லையே. தேநீர் குடிக்கிறீர்களா?"

கிர்ஸ்டன் பேனாவை எடுத்தார். கோப்பில் எதையோ எழுதினார். இவர் குசினிக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம். மின்சாரக் கேத்திலின் பொத்தானைக் கீழே அழுத்தும் சத்தம். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அதன் உள்பக்கம் பலகை, பலகையின் மேலே இவருடைய பெரிய எழுத்து.

பிறகு சத்தமே இல்லை.

பொத்தானை மேலே தட்டும் சத்தம் கேட்டது. இவர் வெறுங்கையோடு வெளியே வந்தார். மேசையைப் பார்த்தார். கிர்ஸ்டனின் கோப்பையை எடுத்து உள்ளே பார்த்தார். விரல்களின் பின்புறத்தால் அதன் வெளிப்பக்கத்தைத் தொட்டார்.

"நீங்கள் ஒன்று குடித்துவிட்டீர்கள்" என்றார். "எனக்கு நினைவில்லை. ஆனால் கோப்பை இருக்கிறது."

கிர்ஸ்டன் பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னொன்று வேண்டுமா?"

"வேண்டும்" என்றார் கிர்ஸ்டன். சோதனை விதிகளில் அதற்கு இடமிருந்ததா என்று நான் கேட்கவில்லை.

இவர் திரும்பிப் போனார். பலகையில் எழுதுகோல் உரசும் சத்தம் வந்தது. அதன் பிறகுதான் கேத்தில்.

சோதனை பதினொரு மணிவரை நடந்தது. இடையில் ஒரு தடவை மூக்குக் கண்ணாடியைத் தேடினார், அது தலைமேல் இருந்தது. கிர்ஸ்டனின் பெயரை இரண்டு தரம் கேட்டார். போகும்போது கிர்ஸ்டன் என்னிடம் கை கொடுத்தார், முடிவு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் அவர் கார் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தபோது இவர், "ஆரது, நல்ல மனுசி போல கிடக்கு" என்றார்.

எட்டு நாளில் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கம். வேலை நாட்களில் காலை ஆறு முதல் மத்தியானம் இரண்டு வரை வீட்டில் இருக்கலாம், மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். இவருக்கு வாசித்துக் காட்டினேன். பின்னேரம் இன்னொரு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் ஒரே அளவு சந்தோஷப்பட்டார். கனகு அண்ணைக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அப்ப இனி நாங்கள் வரத் தேவையில்லையோ?" என்றார்.

"சனிக்கிழமையளிலை வாங்கோ அண்ணை. சும்மா வாங்கோ."

அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நான் வேலைக்குப் போனேன். இவர் வீட்டில் தனியாக இருந்தார்.